அந்தக் கீறல் என்னுடையது அல்ல

அந்தக் கல் என் முழங்கை நீளம் இருக்கும். பெருமூங்கிலைக் குறுக்கே அறுத்து எடுத்தது போல உருண்டையாக, கறுப்பாக, தூக்கினால் தோள் இறங்கும் கனத்தில் இருக்கும். அதன்மேல் ஒட்டியிருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது என் இரண்டு கைக்குள்ளேயே அது சாய்வாகப் பிரிந்தது. உடைந்த சத்தம் கேட்கவில்லை. டப்பாவின் மூடி கழன்றது போலக் கழன்றது. பிரிந்த முகம் இரண்டும் பளபளவென்று இருந்தன, பல வருஷம் அரைத்த அம்மிக் குழவியின் வயிறு மாதிரி. அந்தப் பளபளப்பின்மேல், ஈரத் தலையில் சீப்பு போன தடம் போல, நெருக்க நெருக்கமாகக் கோடுகள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் போயின.

அந்தக் கோடுகளைக் கீறியது நான்தான் என்று ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போடு என்று பிறகு கொண்டுவந்தார்கள். நான் போடவில்லை. கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிற ஆள் நான். என் கல்யாணத்திலேயே என் குரலை யாரும் கேட்டதில்லை என்று என் நாத்தனார் இன்றும் சொல்வாள். அப்படிப்பட்ட நான் போடமாட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்ல வந்தால் ஒரு மேடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவரை நினைக்காமல் அந்த நாளை நினைக்க எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். அஞ்சாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நடவு, களையெடுப்பு, அறுப்பு. ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, குறுவை போடவில்லை, வேலை இல்லை. தஞ்சாவூர் போகிற சாலையில் ஒரு ஷெட்டில் கல் கழுவப் பெண்கள் வேண்டும், தினக்கூலி என்று ஒரு காண்டிராக்டர் வந்து கேட்டார். நாத்தனார் சிரித்துவிட்டாள்.

“நம்ம பக்கம் கல்லு ஏது அண்ணி? அரிசியில கெடக்குற கல்லுதான். அதைப் பொறுக்கிக் கழுவி அடுக்கவா ஆள் கூப்புடுறான்?”

சிரித்தாலும் அவளும் என்னோடு வேலைக்கு வந்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் வண்டல், களி, மணல். அம்மிக்கல்கூட வெளியூரிலிருந்து வண்டியேறித்தான் வரும். ஆனால் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே போனால் கல் இருக்கிறதாம். எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க நிலத்தைத் துளைத்து, அங்கிருந்து குழாயில் உருட்டு உருட்டாகக் கல்லை எடுத்து, அந்த ஷெட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். கோர் என்று அதற்குப் பேர். சேற்றைத் துடைத்து, உடைந்த துண்டுகளைப் பொருத்தி, மரப்பெட்டியில் வரிசையாகப் படுக்க வைப்பது எங்கள் வேலை. அதைப் பார்த்துப் படிப்பது மேடத்தின் வேலை.

மேடத்துக்கு அப்போது முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பட்டணத்துப் பெண். பேன்ட் போட்டுக்கொண்டு எங்களோடு சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். கழுத்தில் ஒரு கயிறு, அதில் சின்ன பூதக்கண்ணாடி. “எல்லாரும் தாலி கட்டுவாங்க, இது கண்ணாடி கட்டியிருக்கு பாரு” என்று நாத்தனார் முதல் நாளே சொல்லிவிட்டாள். அது மேடத்தின் காதில் விழுந்தது. “இது விட்டுட்டுப் போகாதுக்கா” என்றார் மேடம். அன்றிலிருந்து நாத்தனாருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முதல் வாரத்திலேயே நான் ஒரு தப்புச் செய்தேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வந்த வினை எல்லாம் அதிலிருந்துதான். ஒரு சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல் வந்தது. அதன்மேல் நீளமாக ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு, நடுவில் ஏதோ நம்பர். எந்தப் பயலோ கிறுக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். வேலை கொடுத்தவர்கள் மெச்ச வேண்டுமே என்று, வீட்டிலிருந்து செங்கல் பொடி கொண்டுபோய், தேங்காய் நாரால் குத்துவிளக்குத் தேய்ப்பது போல நாலு துண்டையும் தேய்த்தேன். கோடும் போயிற்று, நம்பரும் போயிற்று. கல் பளிச்சென்று இருந்தது. வரிசையாக வைத்துவிட்டு, மேடம் வந்து பார்க்கட்டும் என்று ஓரமாக நின்றேன்.

அந்தக் கோடுகள் எதற்கு என்றால், கல்லின் எந்த முனை மேலே, எந்த முனை கீழே என்று காட்டத்தான். நம்பர், அது எத்தனை ஆழத்தில் கிடந்தது என்பதற்கு. நான் தேய்த்த நாலு துண்டுக்கும் தலையும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. மேடம் பார்த்தார். திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து நாலு துண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “வாங்கக்கா, ஒட்ட வைப்போம்” என்றார். கோடு அழியாத பக்கத்துத் துண்டுகளின் முனையோடு முனை சேர்த்து, இது அதோடு பொருந்துமா, அது இதோடு பொருந்துமா என்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் பார்த்தோம். பொருத்தி முடித்தபோது, எனக்கு அந்த வேலை கை வந்திருந்தது. அதற்கப்புறம் எந்தப் பெட்டி வந்தாலும், துண்டுகளைப் பொருத்துவது என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

ஆனால் சேதி மேலே போய்விட்டது. மேடத்துக்கு மேலே ஒரு பெரிய சார் இருந்தார். வாரத்துக்கு ஒருநாள் காரில் வருவார். அடுத்த முறை வந்தபோது, “யாரும்மா அந்தச் செங்கப்பொடி?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் முந்தானைக்குள் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து அவர் வாயில் எனக்கு அதுதான் பேர்.

மேடம் வேலை செய்துகொண்டே பேசுவார். எங்களுக்குச் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாது. ஒருநாள் வளைவு வளைவாக வரி ஓடிய ஒரு கல்லைக் காட்டி, கல் எப்படி வளையும் என்று நாத்தனார் கேட்டாள். “வெல்லப்பாகு சூடா இருந்தா வளைச்ச பக்கம் வளையும், இழுத்தா நீளும். ஆறிப் போச்சுன்னா டப்புன்னு ஒடியும். கல்லும் அப்படித்தான்கா. ஆழத்துல, சூட்டுல, அவசரப்படாம அமுக்கினா மடியும். மேல வந்து குளிர்ந்து கெடக்கும்போது நெருக்கினா ஒடியும்” என்றார். எத்தனை நாள் அமுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, “நம்ம ஊர் எல்லாம் உண்டாகுறதுக்கு முன்னாடி ஆரம்பிக்கணும்” என்றார்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு காலத்தில் இந்த நிலம் இரண்டு பக்கமும் இழுபட்டதாம். இழுத்த இழுப்பில் அடியில் இருந்த பாறை பாளம் பாளமாக ஒடிந்து, ஒரு பாளம் கொஞ்சம் இறங்கி, அடுத்தது இன்னும் இறங்கி, படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டதாம். அந்தப் பள்ளத்தை எல்லாம் கடலும் ஆறும் கொண்டுவந்த மண் மூடியதாம். நான் நடவு நட்ட வயல் எல்லாம் அந்தப் படிக்கட்டின் மேல் போட்ட பாய். பிறந்ததிலிருந்து சமநிலம் என்று நினைத்து நடந்த இடம். தண்ணீர் விட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்து நிற்கும், அவ்வளவு மட்டம். அதற்குக் கீழே இவ்வளவு ஒடிசலா என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது சன்னல் வழியே வயலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம்தான் நான் முதலில் சொன்ன கல் வந்தது. அது கறுப்புக் களிக்கல். தண்ணீர் ஊற்றினால் ஊறி உதிர்ந்துவிடும் என்பதால் ஈரத்துணியால் துடைக்க மட்டும்தான் செய்வோம். என் கையில் அது பிரிந்ததும் நான், “மேடம்!” என்று கத்தினேன். அந்த ஷெட்டில் என் குரல் முதல்முதலாக அப்போதுதான் எழும்பியது. நாத்தனாரே திடுக்கிட்டாள். மேடம் ஓடிவந்தார், பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், விரலால் தடவினார். “இங்கதான்கா ஒடிஞ்சு நகர்ந்திருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு உரசிட்டு இறங்கியிருக்கு. அந்த உரசல்தான் இந்த மினுமினுப்பு” என்றார். அதே கல்லில் ஒரு சாண் கீழே இன்னொரு கோடு, சேற்றுக்கு மேலும் தெரிகிற மயிரிழை மாதிரி, அதே சாய்வில் ஓடியது. அது பிரியவில்லை. “இதைத் தொடாதீங்க. அப்படியே லேபுக்கு அனுப்பணும்” என்றார். வழியில் கழன்றுவிடக் கூடாதே என்று நான் வாழைநாரை நனைத்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். அந்த இடத்தை நான் இன்னும் துடைக்கக்கூட இல்லை, மேலே இருந்த சேறு அப்படியே காய்ந்திருந்தது.

பெரிய சாருக்கு அது பிடிக்கவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் போட்ட வரைபடத்தில் அந்த இடத்தில் ஒடிசல் கிடையாது, கல் அடுக்கு நேராகப் போகிறது. அதை நம்பி அடுத்த துளை எங்கே போடுவது என்றும் எழுதி அனுப்பிவிட்டார். மேடம் சொல்வது சரி என்றால் அவர் அனுப்பியது தப்பு. அவர் வந்தார், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே பார்த்தார், தொடவில்லை.

“இது உரசலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூக்கும்போது ஒடஞ்சிருக்கு. நம்ம செங்கப்பொடி கைவரிசை, தேய்ச்சு மினுக்கிட்டா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காண்டிராக்டர் காகிதத்தோடு வந்தார். முழுக்க இங்கிலீஷ். “ஒண்ணும் இல்லம்மா, இனிமே ஜாக்கிரதையா வேலை பாக்குறேன்னு எழுதியிருக்கு. போட்டுடு, வேலை பாட்டுக்கு வேலை இருக்கும். போடலேன்னா நாளையிலேர்ந்து வர வேணாம். நான் சொல்லல, மேலேர்ந்து சொல்றாங்க.”

நான் காகிதத்தை மேடத்திடம் கொண்டுபோனேன். படித்துச் சொல்லுங்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, நீட்டினேன். அவர் நினைத்திருந்தால், ஆமாம்கா சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னார். இந்தக் கல்லின் முகத்தை நான் பொடி போட்டுத் தேய்த்துக் கீறினேன், அதனால் இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, “அக்கா, நீங்க தேய்க்கலதானே?” என்று கேட்டார்.

அந்தத் ‘தானே’ எனக்குக் குத்தியது. அவரே கேட்கிறாரே என்றுதான். அன்றைக்கு நாள் முழுவதும் உட்கார்ந்து நாலு துண்டை ஒட்டவைத்தவர், என்னைத் திட்டாதவர், அவர் மனசிலும் ஒரு ஓரத்தில் அந்தச் செங்கல் பொடி இருந்திருக்கிறது. காகிதத்துக்காகக் கையை நீட்டினேன். குத்தியது அவருக்கும் தெரிந்துவிட்டது. காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ்ஸில் நாத்தனார் விடவில்லை. “கையெழுத்துதானே அண்ணி? போட்டுத் தொலைங்க. கல்லு வந்து சாட்சியா சொல்லப் போவுது? ஊருல வேலை இருக்கா? நீங்க போயிட்டா என்னையும் அனுப்பிடுவான்.” அவள் சொன்னதில் பொய் இல்லை. வீட்டில் அரிசி இருந்த அளவு எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றை நான் யோசித்துக்கொண்டே வந்தேன். தப்புச் செய்தபோது நான் ஒத்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தேன். செய்ததற்குப் பட்டாயிற்று. செய்யாததற்கும் என் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமா? அஞ்சு வருஷம் பள்ளிக்கூடம் போய் நான் கற்றுக்கொண்டு வந்தது அந்த ஒரு பெயரை எழுதத்தான். நட்ட வயல் எதுவும் என்னுடையது இல்லை. அந்தப் பெயர் என்னுடையது.

மறுநாள் நாங்கள் போனபோது பெரிய சாரின் கார் நின்றது. “என்னம்மா, போட்டாச்சா?” என்றார்.

“போடல சார்.”

“ஏன்?”

“நான் தேய்க்கல.”

காண்டிராக்டர் குறுக்கே வந்தார். “இது வாயே தொறக்காது சார், யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க” என்று மேடத்தைப் பார்த்தார். கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். ஆனாலும் நடந்துபோய்ப் பெட்டியிலிருந்து அந்தக் கல்லை எடுத்தேன்.

“சார், கண்ணை மூடிட்டு இதைத் தடவிப் பாருங்க.”

“என்னையா தடவச் சொல்ற?”

“மேலேர்ந்து கீழ ஒரு தரம். கீழேர்ந்து மேல ஒரு தரம்.”

அவர் மேடத்தைப் பார்த்தார், பிறகு தடவினார். கண்ணை மூடவில்லை, அது போகட்டும். ஒரு பக்கம் விரல் வழுக்கிக்கொண்டு போனது. மறுபக்கம் இடறியது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் படி. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், திருப்பித் தடவினால் செதில் குத்தும், அந்த மாதிரி.

“தேய்க்கிற கை போயிட்டுத் திரும்பி வரும் சார். எங்க வீட்டுக் குண்டான எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இது போனது மட்டும்தான், திரும்பி வரவே இல்ல. நாப்பது வருஷமா தேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா?”

நாத்தனார் எனக்குப் பின்னால் நின்றபடி, “அதானே” என்றாள். நேற்றுப் போட்டுத் தொலைங்க என்றவள்தான்.

பெரிய சார் சிரித்தார். ஆனால் முன்னால் சிரித்த சிரிப்பு இல்லை. “பேச்செல்லாம் நல்லா இருக்கு. நிரூபணம்?” என்றார்.

நான் வாழைநார் கட்டியிருந்த இடத்தைக் காட்டினேன். “இதை இங்கேயே பிரிங்க. இதுக்குள்ள என் கை போகல. யாரு கையும் போகல.”

“அக்கா, அது லேபுக்கு...” என்றார் மேடம்.

“என் பேரை முதல்ல அனுப்புறீங்களா மேடம், கல்லை முதல்ல அனுப்புறீங்களா?”

அவரிடம் அப்படிப் பேசுவேன் என்று நான் நினைத்ததில்லை. அவரும் நினைத்திருக்க மாட்டார். அந்தக் கல்லை எத்தனை கவனமாக வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். பூதக்கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அவரே நாரை அறுத்து, காய்ந்த சேற்றை எல்லாருக்கும் காட்டி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டில் பிரிந்தது.

உள்ளே அதே பளபளப்பு. அதே கோடு. அதே பக்கம் பார்த்து. பக்கத்துத் துண்டை எடுத்து வைத்து ஒட்டிப் பார்த்தால் இரண்டு கோடும் ஒரே போக்கில் போயின. சூரிய வெளிச்சம் அதன்மேல் விழுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. மேடம் அதைத் தொடவில்லை, பெரிய சாரிடம் நீட்டினார். அவர் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். அவரும் படித்தவர்தான், அவருக்குத் தெரியாமல் இல்லை.

“சரி, விடு. அந்தப் பேப்பர் வேணாம்” என்று சொல்லிவிட்டு காருக்குத் திரும்பினார்.

வேலை பிழைத்தது என்று காண்டிராக்டர் மூச்சு விட்டார். நாத்தனார் என் முதுகைக் கிள்ளினாள். ஆனால் எனக்கு அது போதவில்லை. வேண்டாம் என்றால், இல்லை என்று ஆகிவிடுமா? நாளைக்கு இன்னொருவர் வந்து இந்தப் பெட்டியைத் திறந்து, இது யாரோ தேய்த்தது என்று சொன்னால்?

“சார்,” என்றேன். “வேணாம்னா, வேற எழுதிக் குடுங்க. தமிழ்ல. நான் படிச்சுட்டுப் போடுறேன்.”

அவர் காதில் விழுந்தது. நின்றார், திரும்பாமல் போய்விட்டார். மேடம்தான் ஒரு தாளை எடுத்தார். இந்தக் கல்லில் உள்ள கீறல் பூமிக்குள் உண்டானது, யார் கையாலும் உண்டானது அல்ல, இதைத் துடைத்தவர் முன்னிலையில் பிரித்துப் பார்த்தோம் என்று எழுதினார். நான் எழுத்துக் கூட்டி, மெதுவாக, இரண்டு தடவை படித்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று படித்தேன். பிறகு இனிஷியலோடு முழுப்பெயரும் போட்டேன். அதற்குக் கீழே மேடம் போட்டார். போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், “நான் கேட்டிருக்கக் கூடாதுக்கா” என்றார்.

“கேட்டீங்க. நான் சொல்லிட்டேன்ல” என்றேன். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் அதைக் கேட்கவில்லை. அன்று மத்தியானம் என் டப்பாவிலிருந்து எலுமிச்சங்காய் ஊறுகாயைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தது, நான் நடவுக்குத் திரும்பிவிட்டேன். மேடம் எங்கோ வடக்கே மாற்றலாகிப் போனதாகக் கேள்வி. பெரிய சார் சொன்ன இடத்தில்தான் அடுத்த துளை போட்டார்களா, அங்கே என்ன கிடைத்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் வரைபடம் ஜெயித்ததோ தோற்றதோ, அது அவர் பாடு. நான் கேட்டது என் கையைப் பற்றி மட்டும்தான்.

இப்போது எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. பேச்சு இன்றைக்கும் அவ்வளவாக வராது. பேங்க்கில் தாளை நீட்டி, இங்கே போடுங்க பாட்டி என்பார்கள். படித்துவிட்டுப் போடுகிறேன் என்பேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், கொட்டிக்கொள்ளட்டும். இங்கிலீஷில் இருந்தால் சொல்லச் சொல்லுவேன், சொல்லாவிட்டால் போடமாட்டேன்.

மேடம் அன்றைக்கு அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டிக்குள் கல்லின்மேல் வைத்து, நாலு மூலையிலும் மரத்தோடு சேர்த்துச் சின்ன ஆணி அடித்தார். கல் கெட்டுப்போகாது, அந்தப் பெட்டிகளை யாரும் தூக்கிப்போடவும் மாட்டார்கள் என்று சொன்னார். எத்தனை வருஷம் கழித்து எந்தப் பெரிய படிப்புப் படித்தவர் வந்து திறந்தாலும் சரி. கல்லை எடுக்க வேண்டுமென்றால் முதலில் என் பெயரைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.